ஒரே காலையில் இரண்டு முழுவியளம்

இராசமலர் தன் புருசனை முதன்முதலில் பட்டாள உடுப்பில் கண்டபோது, ஆளை மட்டுக்கட்டாமல் பின்கதவால் ஓடிப்போய், உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். நியூசிலாந்தில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அந்த அறை கராஜோடு ஒட்டினாற்போல் இருந்தது. சபாரத்தினம் வெளியே நின்று, நான்தானப்பா, நான்தான் என்று கதவைத் தட்டத் தட்ட அவள் மூச்சுக் காட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த நிற உடுப்புக்காரர் வந்து தட்டினால் தெரிந்த குரல் கேட்டாலும் திறக்கமாட்டார்கள். பிடித்துக்கொண்டு வந்த ஆளைக் கொண்டே கூப்பிட வைப்பார்கள் என்ற பயம். கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வந்து இங்கிலிசில் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

அந்த உடுப்பு வந்த கதை இதுதான். நியூசிலாந்தில் டெரிட்டோரியல் என்று ஒரு படை உண்டு. கிழமை நாளில் அவரவருக்கு அவரவர் தொழில். சனி ஞாயிறில் போய்ப் பயிற்சி எடுத்து, தேவை வந்தால் கூப்பிடு என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிற படை. சபாரத்தினம் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு மூட்டை சீனி அசையாது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிற டிப்போ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருடைய பெயர் எவன் வாயிலும் நுழையவில்லை. சாம் என்று வைத்துவிட்டார்கள். மீசை முளைக்காத பொடியன்கள் எல்லாம், சாம், இதைத் தூக்கு, சாம், அதை இழு என்றார்கள். அந்த டிப்போவில் கூட வேலை செய்த ஒருவன்தான் அவரை டெரிட்டோரியலுக்குக் கூட்டிப்போனான். அங்கே கம்பளியும் சப்பாத்தும் கூடாரமும் வைத்திருக்கிற ஸ்டோர்ஸை அவரிடம் விட்டார்கள். இரண்டு வருடத்தில் கோப்ரல் ஆக்கினார்கள். சனிக்கிழமையில் மட்டும் ஒருவரும் அவரைச் சாம் என்று கூப்பிடுவதில்லை. அந்த ஒரு மரியாதைக்காகத்தான் அந்த மனுசன் மழை வெயில் பாராமல் போய்வந்தார். இராசமலருக்கு அது விளங்க ஒரு வருடம் பிடித்தது. விளங்கிய பிறகு அந்த உடுப்பைத் தோய்த்துக் கொடுத்தாள்.

இராசமலருக்குச் செல்வரத்தினம் என்று ஒரு தம்பி. தாய் தகப்பன் போய்விட்டார்கள். அவனுக்கு விசா எடுத்து இங்கே கூப்பிட்டது சபாரத்தினம்தான். முதலில் வீட்டில் வைத்திருந்தது, டிப்போக்காரனிடம் சொல்லி லொறி ஓட்டுகிற வேலை எடுத்துக் கொடுத்தது, ரானுயியில் அறை பார்த்துக் கொடுத்தது, டெரிட்டோரியலில் சேர்த்துவிட்டது, எல்லாம் அத்தான்தான். செல்வம் அங்கே வாகனப் பகுதியில் இருந்தான். கெட்டிக்காரன். பின்னால் சேர்ந்தாலும் அவனும் கோப்ரல் ஆகிவிட்டான். ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பில் தலைத்துண்டு யாருக்கு என்று மச்சானும் அத்தானும் சண்டை போடுவார்கள். இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் இராசமலருக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த இரண்டு பேரும்தான். வேறு குஞ்சு குருமன் இல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு குளிர் தொடங்கின நேரம், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு அவள் எழும்ப, சபாரத்தினம் வந்து பக்கத்தில் நின்றார். படையில் புதிதாக ஒரு இடம் போடுகிறார்களாம். ஸ்டோர்ஸ், வாகனம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு சார்ஜன்ட். தான் அதற்குக் கேட்டிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்து அவளுக்குக் கல்யாணத்தன்று பார்த்த முகம் ஞாபகம் வந்தது.

"காரியம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது இராசம். முக்கியமா உம்மட தம்பிக்கு."

"அவனுக்கு ஏன் சொல்லக்கூடாது?"

"அவன்ர வாய் சும்மா இராது. நாலு சனத்துக்குச் சொல்லுவான். நாலு சனம் நாப்பது கதை கதைக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஒரு காரியத்தை முடிக்குமுன் வெளியில் விட்டால் நாவூறு பட்டு அது நடக்காது என்பது நம்முடைய ஆட்களுக்கு மாத்திரம் தெரிந்த விசயம். போன வருடம் டிப்போவில் மேற்பார்வை வேலை வருகிறதென்று தமிழ்ச் சனம் கூடின இடத்தில் சொல்லப்போய், ஆளுக்கு ஆள் விசாரித்து விசாரித்தே அது இல்லாமற் போனது. இராசமலர் விளக்கின் முன்னால் வைத்தே, சொல்லமாட்டேன் என்று சொன்னாள்.

அடுத்த கிழமை சபாரத்தினம் வேலையால் வராத நேரம் பார்த்து செல்வம் வந்தான். ஞாயிறு தவிர மற்ற நாளில் வராதவன் வந்ததும் அவளுக்குப் பயம் பிடித்தது. ஊரில் யாருக்கும் ஏதுமோ என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தான். தேத்தண்ணி குடித்து முடிக்குமட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான், படையில் புதிதாக ஒரு சார்ஜன்ட் இடம் போடுகிறார்கள், நான் கேட்டிருக்கிறேன் என்று.

 அவள் கையில் வைத்திருந்த அகப்பையில் இருந்து பருப்பு அடுப்பில் சிந்திக் கரிந்து மணத்தது. அதைக்கூட அவன்தான் பார்த்து எழும்பித் துடைத்தான்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதை. அத்தானுக்கும்."

"அத்தானுக்கு ஏனடா?"

"அத்தான் அறிஞ்சா உடனே புத்தி சொல்லத் தொடங்கிடுவார். அந்தாளிட்டைப் போ, இந்தாளிட்டைக் கதை எண்டு. என்ர விசா அவர் எடுத்தது, வேலை அவர் எடுத்தது, படுக்கிற கட்டிலும் அவர் வாங்கினது. இந்த ஒண்டையாவது நான் நானாச் செய்யவேணும் அக்கா. கிடைச்சாப் பிறகு நானே வந்து அவருக்குச் சொல்லுவன். சந்தோசப்படுவார்."

சந்தோசப்படுவார் என்று அவன் சொன்னபோது இராசமலர் அடுப்பைக் குறைத்தாள். இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும் மூடினாள். கடைசியில் அவனுக்கும், சொல்லமாட்டேன் என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது லேசு. யாருக்குச் சொல்வது? புருசனுக்குச் சொன்னால் தம்பிக்குக் கொடுத்த வாக்குப் போகிறது. அவர் கோபத்தில், நான் கூப்பிட்டவன் எனக்கே போட்டிக்கு வருகிறானா என்று கேட்பார். தம்பிக்குச் சொன்னால் அவன் மறு பேச்சில்லாமல் விலகிவிடுவான். விலகினால் ஆயுள் முழுக்க அத்தானின் நிழலுக்குள்தான் இருப்பான். அவள் வாக்குக் கொடுத்தாள், வாயை மூடினாள், அவ்வளவுதான். கொடுத்த வாக்கைத் தனக்கு வசதியான நேரத்தில் மாற்றுகிற ஆள் இல்லை அவள். ஆனால் அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் முன்னால் இருந்து சாப்பிடும்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இருவரும் ஒரே விசயத்தை மறைத்துக்கொண்டு மீன் முள்ளை எடுக்கிறார்கள்.

நேர்முகத்துக்கு இரண்டு பேரையும் ஒரே சனிக்கிழமை காலையில் கூப்பிட்டிருந்தார்கள். அதுவும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் முழுவியளம் பார்த்துத்தான் படி இறங்குவார்கள். எதிரே வருகிற முதல் ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தற்செயலுக்கு விடாமல், ராசியான ஒரு சுமங்கலியைச் செம்பு நிறையத் தண்ணீரோடு எதிரே வரச் சொல்லி வைப்பார்கள். ஊரில் இருந்த காலத்திலேயே இராசமலரின் முழுவியளம் பெயர்போனது. அவள் எதிரே வந்து சோதனை எழுதப் போன பிள்ளை தவறினதில்லை என்று சனம் சொல்லும். சபாரத்தினம், ஒன்பது மணிக்குக் கேற்றடிக்கு வாரும் என்று அவளிடம் முதலே சொல்லி வைத்துவிட்டார். செல்வமும் விடவில்லை. ரானுயியில் இருந்து வருகிற வழியில் கடைத்தெருவில் காரை நிறுத்துவேன், அக்கா நீ எதிரே வந்தால்தான் நான் போவேன் என்று தொலைபேசியில் பிடிவாதம் பிடித்தான். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா வரவில்லை. தாய் இருந்திருந்தால் தாய் வந்திருப்பாள்.

அன்று நல்ல மழை. அரக்குச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடையும் மற்றக் கையில் பித்தளைச் செம்புமாகக் கேற்றுக்கு வெளியே போய் நின்று, சபாரத்தினம் படி இறங்க எதிரே நடந்து வந்தாள். அவர் அவளையும் செம்பையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காரை எடுத்தார். கார் முடக்கில் திரும்பியதும், செம்புத் தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றி, உள்ளே போய்ப் புதிதாக நிரப்பிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கடைத்தெருவுக்குப் போனாள். போகும் வழியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு தொங்கா நாட்டு அம்மா, உங்கள் வீட்டில் தண்ணீர் வெட்டிவிட்டார்களா என்று இங்கிலிசில் கேட்டாள். ஓம் என்றுவிட்டு நடந்தாள்.

செல்வம் காருக்கு வெளியே, இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்போடு, மழையில் விறைத்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது. அவளும் சிரித்துக்கொண்டு எதிரே நடந்தாள். கிட்டப் போகவும், பின்னாலிருந்து "இராசம்" என்று குரல் கேட்டது.

சபாரத்தினம் பெற்றோல் அடிக்கக் கடைத்தெரு முனையில் நிறுத்தியிருந்தார். வீட்டுக் கேற்றில் விட்டுவிட்டு வந்த பெண்சாதி மழையில் செம்போடு ரோட்டில் போவதைக் கண்டு, ஏதோ ஆபத்து என்று ஓடி வந்திருக்கிறார். வந்த இடத்தில் மச்சான் பட்டாள உடுப்பில் நிற்கிறான். சனிக்கிழமை என்றாலும் அந்தக் கிழமை பயிற்சி இல்லை. அந்த உடுப்பில் அங்கே நிற்க வேறு காரணம் இல்லை. அவருடைய முகம் வெளிறிப்போனதை இராசமலர் கண்ணால் பார்த்தாள்.

"அத்தான், நீங்களும் அங்கையோ?" என்றான் செல்வம்.

 சபாரத்தினம் செம்பைப் பார்த்தார்.

"எனக்குக் கொண்டுவந்த அதே தண்ணியோ?"

"இல்லை. உங்கட தண்ணியை ரோசாவுக்கு ஊத்திட்டன். இது புதுத் தண்ணி."

 உண்மை அதுதான். ஒருவருக்குக் கொண்டுபோனதை மற்றவருக்குக் கொண்டுபோகிற அளவுக்கு அவள் முறை தெரியாதவள் இல்லை.

"உமக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லாதையும் எண்டனீங்கள். அவன் சொல்லாதை எண்டவன். நான் ஆருக்குச் சொல்ல?"

செல்வம், நான் போகவில்லை அத்தான், நீங்கள் போங்கோ என்று தொடங்கினான். இராசமலர் அவனை மேலே சொல்ல விடவில்லை. முழுவியளம் வந்த பிறகு திரும்பி வீட்டுக்குப் போகிறவன் என் தம்பி இல்லை என்றாள். சபாரத்தினம் போய்த் தன் காரில் ஏறினார். முன்னே ஒரு கார், பின்னே ஒரு கார், இரண்டும் ஒரே பாதையில் போயின. அவள் தெருவோரத்தில் நின்றாள். குடை எப்போது கையில் இருந்து போனது என்று தெரியவில்லை. மழைத் தண்ணீர் செம்பில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

பின்னேரம் திரும்பி வந்த சபாரத்தினம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் ஞாயிறு. அவள் மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை போட்டாள். செல்வம் வரவில்லை. மீன் தலைத்துண்டு சட்டியிலேயே கிடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். தொலைபேசியில் எடுத்தால், வேலை அக்கா, பிறகு வாறன் என்று வைத்துவிடுவான். ஊரை விட்டு வந்தபோது வராத அழுகை இராசமலருக்கு அந்த மூன்றாவது கோப்பையைக் கழுவாமலே திரும்ப அலுமாரித் தட்டில் வைக்கும்போது வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாலை தொலைபேசி அடித்தது. படை அதிகாரி பேசினார். சபாரத்தினம், எஸ் சார், தாங்க்யூ சார் என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். நின்றவர், தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். இராசமலர் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தாள்.

"கிடைச்சிட்டுது," என்றார்.

கிடைத்த ஆளின் முகமா அது? அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நேர்முகத்தில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒரு குடும்பம், மற்றவன் உன் கீழே வந்தால் அவனுக்குக் கட்டளை போடுவாயா என்று. முதலில் உள்ளே போனது சபாரத்தினம். பெற்றோல் அடித்த இடத்து எரிச்சல் ஆறாமல் இருந்தவர், போடுவேன், அவனை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே நான், நான் சொல்லிக்கொடுக்காமல் அவனுக்கு ஒன்றும் ஓடாது, அவன் இன்னும் இந்த வேலைக்கு வளரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"அவன்?"

"அவர் என்ர அக்காவின்ர புருசன், அவரை ஒரு பெட்டியைத் தூக்கு எண்டு என்னாலை சொல்ல ஏலாது, நானே தூக்கிடுவன் எண்டு சொன்னவனாம். அதிகாரி சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறார். நல்ல பொடியன், ஆனா சார்ஜன்டுக்கு ஆள் இல்லையாம். அதாலைதான் எனக்காம்."

 புருசன் சொன்னது ஒரு பக்கம், தம்பி சொன்னது ஒரு பக்கம், இரண்டும் மாறி மாறி இராசமலரின் மண்டைக்குள் இடித்தன. இந்த மனுசன் கெட்டவர் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது முழு இரவும் நெற்றியில் துணி போட்டவர். அந்த வாயா இதைச் சொன்னது?  அவள் எழும்பிக் கார்த் திறப்பை எடுத்து அவருடைய கையில் வைத்தாள்.

"நீங்கள் சொன்னதை நீங்களே போய் அவனுக்குச் சொல்லுங்கோ."

"எப்பிடியப்பா சொல்லுறது?"

"எனக்குத் தெரியாது. போவம், வெளிக்கிடுங்கோ."

நாளைக்குப் போவோம் என்று கெஞ்சினார். அவள் அதற்குள் காரில் ஏறி இருந்துவிட்டாள். ஒருதரம் ஏறி இருந்தால் அவளை இறக்க ஒருவராலும் முடியாது என்று அவருக்குத் தெரியும். 

ரானுயியில் செல்வத்தின் அறை ஒரு மரவீட்டின் பக்கவாட்டில் இருந்தது. அவள் காருக்குள்ளேயே இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். செல்வம் கையில் துவாயோடு கதவைத் திறந்தான். சபாரத்தினம் தன் சப்பாத்தைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். செல்வம் தலையாட்டினான். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு சபாரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவு மெதுவாகச் சாத்துப்பட்டது. கோபத்தில் அடித்துச் சாத்தியிருந்தால் அவளுக்கு இத்தனை பயம் வந்திராது.

அவர் வந்து காரில் ஏறித் திறப்பைப் போடாமல் இருந்தார்.

"சொல்லிப்போட்டீங்களோ?"

"சொன்னனான். அவனுக்கு முதலே தெரியுமாம்."

"எப்பிடி?"

"எனக்குப் பிறகு அவன் உள்ள போனவன் எல்லோ. உன்ர அத்தான் உனக்கு ஒண்டும் ஓடாது எண்டு சொல்லுறார், நீ என்ன சொல்லுறாய் எண்டு அவங்கள் அவனைக் கேட்டிருக்கிறாங்கள். ஓம், எனக்கு எல்லாம் சொல்லித்தந்தவர் அவர்தான் எண்டு சொன்னவனாம். அதுக்குப் பிறகுதான் அந்தப் பெட்டிக் கதையும் சொன்னவன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னைத் தாழ்த்திப் பேசின ஆள் என்று தெரிந்துகொண்டே, தனக்கு வரவேண்டியதை அந்த ஆளுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்கும். அந்தச் சின்ன வாய் அன்று எப்படி அதைச் சொல்லிற்று என்று அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. சபாரத்தினம் அந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்று மறித்தாள். அவன் கொடுத்ததைத் திருப்பி எறிந்தால் அது இரண்டாம் தரம் அவனை அவமதித்த மாதிரி என்றாள். எடுத்தால் எடுத்ததுதான், சுமக்கத்தான் வேண்டும்.

சபாரத்தினம் சார்ஜன்ட் ஆனார். அடுத்த ஞாயிறு மத்தியானம் இராசமலர் வழக்கம்போல மூன்று கோப்பை போட்டாள். அவளுக்கு நம்பிக்கை இருந்ததென்று சொல்ல முடியாது. வீம்புக்குப் போட்டாள். சோறு பரிமாறப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. செல்வம் ஒரு பெட்டி அப்பிளோடு நின்றான். சபாரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார்.

"உள்ள வரலாமோ, சார்ஜன்ட்?"

நக்கலாகச் சொல்லவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். மரியாதையாகத்தான் சொன்னான், படையில் சொல்கிற மாதிரி. எழும்பின சபாரத்தினம் எழும்பினபடியே நின்றார்.

"இந்த வீட்டிலை சார்ஜன்ட் எண்டு ஒருத்தரும் இல்லை," என்றாள் இராசமலர். "கையைக் கழுவிப்போட்டு வந்து இரு. மீன் ஆறுது."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தான். சாப்பிட்டான். குழம்பு நல்லாயிருக்கு என்றான். தலைத்துண்டை சபாரத்தினம் எடுத்து அவனுடைய கோப்பையில் வைத்தார். அவன் மறுக்காமல் தின்றான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை, மழையென்றாலும் வந்தான். இராசமலருக்கு அது போதும். தம்பி போய்விடவில்லை, வாசலுக்கு வருகிறான்.

ஆனால் அத்தான் என்று கூப்பிடவில்லை. சார்ஜன்ட் என்றும் பிறகு சொல்லவில்லை. உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவான். கார் திறப்புக் கேட்கவேண்டுமென்றால் அக்காவிடம் கேட்பான். கூப்பிடு என்று கேட்டு வாங்குகிற சொல் இல்லை அது. இராசமலரும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க, ஞாயிறு தோறும், சபாரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த ஒரு சொல்லுக்குக் காது கொடுத்தபடி இருந்தார்.